குழந்தைகள் இல்லம் கண்ட மாண்டிசோரி அம்மையார்

பட்டம் பெற்றுத் திரும்பும் இளைஞருக்கு நாம் மாலை சூட்டுகின்றோம். பள்ளி இறுதித் தேர்வில் முதன்மை பெற்ற மாணவிக்குப் பரிசு வழங்கி மகிழ்கின்றோம். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், அவ்விளைஞரோடு ஒரே தெருவில் பிறந்து, ஒரே மண்ணில் விளையாடி, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட தோழர் ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி எந்த மலரிலும் எவரும் எழுதுவதில்லை. அவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஒரே சொல்லில் அவர் வரலாற்றை முடித்துவிடுகின்றோம்.

படிப்பு ஏறவில்லையா, அன்றி ஏற்றுவார் இல்லையா? இவ்வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டு, அதற்கு விடை கண்டு, அவ்விடையை உலகம் ஏற்கும்படி நிறுவிக் காட்டியவர் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். இன்று அவர் பெயர் நகரங்களில் உயர்ந்த கட்டணம் பெறும் ஆங்கிலப் பாலர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணப்படுகின்றது. அதனைக் காணும் நம் இளைஞர்கள், இவர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதோ புதுமுறை வகுத்தவர் போலும் என்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. அவர் கண்ட முதல் பள்ளி ஏழைத் தொழிலாளரின் குடியிருப்பில் பிறந்தது. அதன் முதல் மாணவர்கள் எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளைகள். ஆகவேதான் அவர் வரலாற்றை நம் வெள்ளிவிழா மலரில் நாம் எழுதப் புகுந்தோம்.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டில் அன்கோனா நகருக்கு அண்மையிலுள்ள கியாராவல்லே என்னும் சிற்றூரில், 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசு அலுவலர். தாயார் ரெனில்தே நூல்கள் கற்பதில் பெருவிருப்பம் உடையவர். மரியா ஐந்து வயதுச் சிறுமியாக இருக்கையில் குடும்பம் உரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்து இத்தாலியில் பெண்ணொருத்தி கல்வி கற்றால் ஆசிரியை ஆவதே வழக்கம். தந்தையின் விருப்பமும் அதுவே. மரியாவோ ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணிதத்தில் தேர்ச்சி பெற்றார். பின்னர் மருத்துவம் பயில முடிவு செய்தார். தந்தை உடன்படவில்லை, தாய் துணை நின்றார். எதிர்ப்புகள் பலவற்றைக் கடந்து உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையில் அவர் இடம் பெற்றார்.

இடம் கிடைத்தது, ஆனால் சமத்துவம் கிடைக்கவில்லை. ஆடவரோடு ஒருங்கிருந்து பிணத்தை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாது என்றனர். ஆகவே மற்ற மாணவர் அனைவரும் சென்ற பின்னர், மாலை வேளையில், பிண அறையில் தன்னந்தனியே நின்று அவர் பயின்றார். பள்ளியில் கோணிப்பையின்மேல் தனித்து அமர்ந்து கற்ற அண்ணல் அம்பேத்கர் வரலாற்றை அறிந்த நமக்கு, அத்தனிமையின் சுமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மரியா பிறந்த குடும்பம் தாழ்த்தப்பட்ட குடும்பம் அன்று. வசதியும் மதிப்பும் உடைய குடும்பமே. எனினும் ஒதுக்கி வைக்கப்படுதல் இன்னதென்பதை அவரும் ஒரு வகையில் உணர்ந்திருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1896ஆம் ஆண்டில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர். அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டிற்குச் சென்று, உழைக்கும் பெண்களுக்கு ஆடவரோடு ஒத்த ஊதியம் வேண்டும் என வழக்காடினார்.

தள்ளப்பட்ட குழந்தைகளிடையே

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் அவர் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு உரோமாபுரியின் மனநோய் விடுதிகளுக்குச் செல்வது வழக்கமாயிற்று. அங்கே, அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்ட சிறு குழந்தைகள் பெரியோரோடு ஒருங்கே அடைக்கப்பட்டுக் கிடந்தனர். வெற்றுச் சுவர்களையன்றி அவர்கள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தொடுவதற்கும் ஒன்றுமில்லை. உணவு முடிந்தபின் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி அவர்கள் கையில் உருட்டிக் கொண்டிருந்தனர். காவல் புரிந்தவர் கண்களுக்கு அது பேராசையாகத் தோன்றிற்று. மரியாவின் கண்களுக்கோ, கையால் ஒன்றைப் பற்றி அறிய வேண்டும் என்னும் அறிவுப் பசியாகத் தோன்றிற்று.

அக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தன்று, கல்வியே என அவர் துணிந்தார். அவருக்கு முன்னரே பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகிய இருவரும் இத்துறையில் பாடுபட்டிருந்தனர். அவர்தம் நூல்களைத் தேடிக் கற்றார். 1900ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்காகவும் அவர்தம் ஆசிரியர்களுக்காகவும் உரோமாபுரியில் தொடங்கப்பெற்ற பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். பகலெல்லாம் குழந்தைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைப்பார். அவரிடம் பயின்ற சிலர் மற்றக் குழந்தைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர்.

ஊர் வியந்து பாராட்டியது. அம்மையார் எண்ணமோ வேறு திசையில் சென்றது. குறையுடையோர் எனத் தள்ளப்பட்டவர்களே தக்க முறையில் கற்பித்தபோது நலமுடைய குழந்தைகளோடு ஒத்த நிலை பெற்றனர் என்றால், நலமுடைய குழந்தைகளை நம் பள்ளிகள் எந்த அளவிற்கு அமுக்கி வைத்திருக்கின்றன என்று அவர் ஐயுற்றார். இவ்வையமே அவர் பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் வித்து.

இக்காலத்தில் அவர் சொந்த வாழ்வில் ஒரு துயரும் நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மோந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டில் மாரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. அன்றைய சமுதாயத்திற்கு அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தின்பால் வளரவிட நேர்ந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே மகன் தாயுடன் வந்து வாழ்ந்தான். அதன்பின் இறுதிவரை அவருக்கு வலக்கையாக விளங்கினான். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் இல்லம் அமைத்தவர் தம் குழந்தையைத் தம் இல்லத்தில் வைத்து வளர்க்க இயலாமற் போயிற்று. பெண்ணை நோக்கிச் சமுதாயம் நீட்டும் விரல் எத்துணைக் கொடியது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சான் லொரென்சோக் குடியிருப்பு

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதாய நோக்கோடு அங்கே பெருங்கட்டடங்கள் எழுப்பப்பட்டன. பணமுடை நேரவே அவை அரைகுறையாக நின்றன. வீடற்ற ஏழைகள் அவற்றுள் புகுந்து வாழ்ந்தனர். பின்னர் ஒரு வீட்டுவசதி நிறுவனம் அவற்றுட் பலவற்றை வாங்கிச் செப்பனிட்டுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயது எய்தாத குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடியாடிப் புதிதாகப் பூசிய சுவர்களைக் கீறிப் பாழாக்கினர். சுவரைச் செப்பனிடும் செலவைக் காட்டிலும், குழந்தைகளை ஓர் அறையில் வைத்துக் காக்கும் செலவு குறைவு என நிறுவனத்தார் கணக்கிட்டனர். அப்பொறுப்பை ஏற்குமாறு அம்மையாரை அழைத்தனர்.

சுவரைக் காக்க வந்த அழைப்பு அது. அதனைக் குழந்தையைக் காக்கும் வாய்ப்பாக அம்மையார் மாற்றிக்கொண்டார். 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மார்சித் தெரு 58ஆம் எண் கட்டடத்தில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள ஏறத்தாழ 50 குழந்தைகள் வந்து சேர்ந்தனர். கிழிந்த உடையும், மிரண்ட விழியும், அழுகையுமாக அவர்கள் வந்தனர். அவர்களைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண்ணும் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர்.

குழந்தைக்கு ஏற்ற சிறு மேசை நாற்காலிகளை அம்மையார் செய்வித்தார். முன்னர்க் குறையுடைய குழந்தைகளுக்குப் பயன்படுத்திய மரப் பொருள்களைத் திருத்தி அமைத்துக் கொண்டுவந்தார். பின்னர் ஒருபுறம் ஒதுங்கி நின்று, என்ன நிகழ்கின்றது என்பதை ஒரு மருத்துவர் கண்ணோடு நோக்கினார்.

அவர் கண்டவை வியப்பிற்குரியன. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக் கட்டையிலுள்ள குழிகளில் அளவிற்கேற்ற உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவளோ தலை நிமிரவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, உறங்கி எழுந்தவள் போல் தெளிந்த முகத்தோடு நிமிர்ந்தாள். குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்னும் பழங்கொள்கை அன்று பொய்யாயிற்று.

மற்றொரு நாள் பொருள்கள் வைத்திருந்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். குழந்தைகள் தாமே திறந்து வேண்டியவற்றை எடுத்து வேலையில் அமர்ந்துவிட்டனர். ஆசிரியை அதனைத் திருட்டு எனக் கருதினார். அம்மையாரோ, தமக்கு வேண்டுவது இன்னதெனக் குழந்தைகள் அறிந்துள்ளனர் எனக் கருதினார். அன்று முதல் பூட்டிய பேரலமாரிக்கு மாறாகக் குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிகள் வந்தன. நற்செயலுக்குப் பதக்கமும் தவற்றிற்குத் தண்டனையும் அளிக்கும் வழக்கமும் நாளடைவில் தேவையற்றதாகி நீங்கிற்று.

அவ்வில்லத்தில் குழந்தைகள் கற்றவை

பள்ளிக்குச் செல்லும் முன்னர்க் குழந்தை எதைக் கற்க வேண்டும்? நம் பெற்றோர் பலர் அரிச்சுவடியும் ஆங்கில எழுத்தும் என்று விடையிறுப்பர். அம்மையாரின் இல்லத்தில் எழுத்து முதலில் வரவில்லை. கை முதலில் வந்தது.

கை கழுவுதல், பல் துலக்குதல், பொத்தான் இடுதல், நாடா முடிதல், நீரைச் சிந்தாமல் ஊற்றுதல், மேசை துடைத்தல், தரை பெருக்குதல், செடிக்கு நீர் வார்த்தல், தோழர்க்கு உணவு பரிமாறுதல் ஆகிய வாழ்க்கைச் செயல்கள் முதற்பாடமாயின. ஒரு நாள் அம்மையார் மூக்கைச் சிந்தித் துடைக்கும் முறையை மெல்லச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, மாறாக நன்றியோடு கைதட்டினர். மூக்கொழுகும் பிள்ளைகள் என்று எல்லாரும் அவர்களை ஏசியிருந்தனரேயன்றி, எப்படித் துடைப்பது என்று எவரும் இழிவுபடுத்தாமல் சொல்லித் தந்ததில்லை. தூய்மையற்றவர் என்னும் பழிச்சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நமக்கு இந்நிகழ்ச்சி கண்ணீரை வரவழைக்கும்.

பெருக்குதலைப் பற்றி ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். நம் நாட்டுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பெருக்கியதுண்டு. ஆனால் பல இடங்களில் துடைப்பம் நம் பிள்ளைகள் கையில் மட்டுமே கொடுக்கப்பட்டது. ஏனையோர் பாடம் கேட்டிருக்க, நம் பிள்ளைகள் வாயிலையும் கழிவறையையும் தூய்மை செய்தனர். அது கல்வியன்று; சாதியின் ஏவல். அம்மையார் இல்லத்தில் துடைப்பம் அலமாரியில் பொதுவாக இருந்தது, விரும்பிய குழந்தை எடுத்தது, எல்லாரும் எடுத்தனர். ஒரே செயல், ஒருவர்மேல் மட்டும் சுமத்தினால் இழிவாகின்றது. அனைவர்க்கும் பொதுவானால் பண்பாகின்றது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கைக்கு அடுத்தது புலன். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை படிப்படியாக உயரும் பத்துக் கன சதுரக் கட்டைகளைக் குழந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் எழுப்பும். தவறாக அடுக்கினால் கோபுரமே தவற்றைக் காட்டிவிடும். ஆசிரியர் அதட்ட வேண்டுவதில்லை. நிறம், ஒலி, எடை, வழவழப்பு, சொரசொரப்பு, வெம்மை, மணம் ஆகியவற்றை வேறுபடுத்தி அறியும் பயிற்சிகளும் இருந்தன. அறிவு கண், காது, விரல் ஆகிய வாயில்கள் வழியே உள்ளே புகுகின்றது என்பது அம்மையார் கொள்கை.

மூன்றாவது மொழி. எழுத்தறியாத தாய்மார் சிலர் தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்குமாறு அம்மையாரை வேண்டினர். அம்மையார் உப்புத்தாளில் எழுத்துருவங்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் வருடும். அதன் ஒலியைச் சொல்லும். கண்ணும் காதும் விரலும் ஒருங்கே ஓர் எழுத்தை ஏற்றுக்கொண்டன. சில திங்கள் சென்றன. கதிரொளி வீசிய ஒரு குளிர்கால நாளில், மொட்டை மாடியில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையுமாறு அம்மையார் கூறினார். வரைந்த சிறுவன் திடீரெனக் கை என்னும் பொருளுடைய சொல்லை இத்தாலிய மொழியில் எழுதினான். தான் எழுதுவதைக் கண்டு தானே வியந்து கூவினான். பிறகு புகைபோக்கி, கூரை என்று எழுதிக்கொண்டே சென்றான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து எழுதத் தொடங்கினர். எழுதுமாறு எவரும் ஏவவில்லை. உள்ளே நிறைந்தது வெளியே பொங்கிற்று.

நம் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே கற்றனர். அம்மணல் மிகச் சிறந்த பாடக் கருவி என்பதற்கு அம்மையாரின் உப்புத்தாளே சான்று. ஆனால் அத்திண்ணைகளில் நம் பாட்டன்மார்க்கு இடமில்லை. மணல் எல்லார்க்கும் பொதுவாயிருந்தும் எழுத்து பொதுவாகவில்லை.

நான்காவது எண். பத்து சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை நீளும் பத்துக் கோல்களைக் கையால் தொட்டு எண்ணிக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை அறியும். எண்ணைப் பார்த்துப் பெட்டியின் அறைகளில் அத்தனை குச்சிகளை இடும். சுழியத்திற்குரிய அறை வெறுமையாகவே இருக்கும். சுழிய முறை தம்மிடம் வருமாறு அம்மையார் விளையாட்டாக அழைப்பார்; அசையாமல் நிற்பதே சரியான விடை எனக் குழந்தை கண்டுகொள்ளும். பின்னாளில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என மணிகளால் அமைந்த கருவிகளும் சேர்ந்தன. ஆயிரம் என்பதைக் கையில் தூக்கிப் பார்த்த குழந்தைக்கு அது வெறுஞ்சொல்லாக இராது.

ஐந்தாவது உலகம். செடி வளர்த்தல், உயிர்களைப் பேணுதல், இலை வடிவங்களை அறிதல், நிலம் சொரசொரப்பாகவும் நீர் வழவழப்பாகவும் அமைந்த உலக உருண்டையை வருடிப் பார்த்தல் என இயற்கைப் பாடமும் நில நூலும் தொடங்கின. இவற்றோடு ஒருவர் பேசுகையில் மற்றவர் காத்திருத்தல், பிறர் எடுத்த பொருளைப் பறிக்காமை, அனைவரும் ஒருங்கே அசைவற்று அமர்ந்து அமைதியைக் கேட்டல் ஆகிய கூட்டு வாழ்க்கைப் பாடங்களும் இருந்தன.

புகழும் சோதனையும்

இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. 1909ஆம் ஆண்டில் அம்மையார் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். 1912ஆம் ஆண்டில் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன. 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவருடைய வகுப்பறை அமைத்துக் குழந்தைகள் தாமே கற்பதை மக்கள் நேரில் காணச் செய்தார்.

புகழ் வந்தபோது ஒரு குறையும் உடன் வந்தது. பயிற்சிக்கும் கருவிகளுக்கும் பொருள் மிகுதியாகத் தேவைப்பட்டது. வசதியுடையோர் முந்திக்கொண்டனர். சான் லொரென்சோவில் பிறந்த முறை பல நாடுகளில் செல்வர் பள்ளிகளின் உடைமையாயிற்று. இக்குறையில் அம்மையார்க்குப் பங்கே இல்லை என்று நாம் கூறமாட்டோம். 1924ஆம் ஆண்டளவில் முசோலினியின் ஆதரவையும் அவர் ஏற்றார். ஆயினும் பிள்ளைகளைப் படைவீரராக வார்க்க விரும்பிய ஆட்சியோடு, பிள்ளையின் உரிமையைப் போற்றிய முறை நெடுநாள் ஒத்துப் போக இயலுமோ? 1934ஆம் ஆண்டில் முறிவு நேர்ந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. இட்லரின் செர்மனியிலும் அதே கதி நேர்ந்தது. 1936ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரால் பார்சிலோனாவையும் விட்டு நீங்கி, நெதர்லாந்தில் புகலிடம் பெற்றார்.

அடையாற்றில் அம்மையார்

1931ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்கு வந்த காந்தியடிகள் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்தார். எட்டாண்டுகளுக்குப் பின்னர், 1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல், உருக்மிணிதேவி ஆகியோர் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பதாம் வயதில் அம்மையார் மகன் மாரியோவோடு சென்னை வந்து சேர்ந்தார். அடையாறு ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் குடில்களில் பயிற்சி வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் 300க்கும் மேற்பட்டோர் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார்.

அடையாறு என்னும் பெயரும் ஆல்காட் என்னும் பெயரும் நம் மக்களுக்குப் புதியன அல்ல. பண்டிதர் அயோத்திதாசரோடு 1898ஆம் ஆண்டில் இலங்கை சென்ற கர்னல் ஆல்காட், அதற்கு முன்னரே 1894ஆம் ஆண்டில் நம் பிள்ளைகளுக்கென அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்; அடுத்தடுத்து வேறு பள்ளிகளும் எழுந்தன. செர்மானிய அறிஞர் புரோபல் வகுத்த கிண்டர்கார்ட்டன் முறை அப்பள்ளிகளில் கையாளப்பட்டது. அதனை விளக்கி 1906ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளிவந்தது. அதாவது, உரோமாபுரியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்படுவதற்கு முன்னரே, சென்னையில் நம் பிள்ளைகள் விளையாட்டு வழிக் கல்வி பயின்றிருக்கின்றனர். இக்கல்வி நமக்கு இரவல் பொருளன்று.

1940ஆம் ஆண்டு சூனில் இத்தாலி போரில் குதித்தது. ஆங்கில அரசு மாரியோவை அகமது நகர் முகாமில் அடைத்தது. அம்மையாரை அடையாற்று வளாகத்தை விட்டு நீங்காவண்ணம் தடுத்தது. ஆகஸ்டு 31ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், மகன் விடுவிக்கப்பட்டுத் தாயிடம் சேர்ந்தார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கி, பெரிய பிள்ளைகளுக்குரிய பாடமுறையை வளர்த்தனர். 1946ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்புவதற்குள் அம்மையார் இந்நாட்டில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். மறுமுறையும் இந்தியா வந்து சென்றார். 1949 முதல் மூன்றாண்டுகள் அமைதிக்கான நோபல் பரிசிற்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தொன்றாம் வயதில் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

அம்மையார் வழியைப் பின்பற்றியோருள் மராட்டிய மண்ணின் தாராபாய் மோடக் அம்மையாரை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். விலை உயர்ந்த கருவிகள் ஏழைகட்கு எட்டா எனக் கண்ட அவர், 1945ஆம் ஆண்டு முதல் போர்டி என்னும் சிற்றூரில் பணி தொடங்கி, ஏழை மக்களின் முற்றங்களுக்கே பள்ளியைக் கொண்டு சென்றார். உள்ளூரில் கிடைத்த கூழாங்கற்களும் விதைகளும் இலைகளும் அங்கே கருவிகளாயின. அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் சொல் இன்று நாடறிந்தது. 1975ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை ஊர்தோறும் கொண்டு சென்றது. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோறிட்டது.

சோறு வந்தது, கல்வி முழுமையாக வந்ததா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையே கல்வியை உரிமையாக்கியது. ஆறு வயதிற்குட்பட்டோர்க்கு அரசு முயல வேண்டும் என்றே 2002ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு கூறுகின்றது. பொருள் உடையவர் அவ்விடைவெளியைப் பணத்தால் நிரப்பிக்கொள்வர். நாள் விடியுமுன் வேலைக்குச் செல்லும் நம் தாய்மார் எதனால் நிரப்புவர்? ஆறு வயதில் ஒரே வகுப்பறையில் இரு பிள்ளைகள் அமர்கின்றனர். ஒருவன் ஆயிரக்கணக்கான சொற்களைக் கேட்டும், கட்டைகளை அடுக்கியும், கதைப் படங்களைப் புரட்டியும் வந்தவன். மற்றவன் இவற்றுள் ஒன்றும் பெறாதவன். இருவரையும் ஒரே கோலால் அளந்து, பின்னவனை மந்தன் என்று எழுதிவிடுகின்றனர். அவன் மந்தன் அல்லன். உரோமாபுரி விடுதியில் ரொட்டித் துணுக்கை உருட்டியவனின் உடன்பிறப்பு.

இளைஞர்களே! இப்பணிக்கு மாளிகை வேண்டா. வேப்பமர நிழலும், சலித்த மணலும், புளியங்கொட்டையும், தேங்காய்ச் சிரட்டையும், வெற்றுத் தீப்பெட்டிகளும் போதும். உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் செல்லுங்கள். நம் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்கின்றனரா, ஒரே குவளையில் நீர் அருந்துகின்றனரா, துடைப்பம் எல்லார் கைக்கும் வருகின்றதா எனக் கண்டு வாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளை அமர்த்திக் கதை சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். படிப்பு ஏறாது என்னும் சொல்லை நம் தெருவிலிருந்து துரத்துங்கள்.

சுவர் பாழாகாமல் இருக்கட்டும் என்றுதான் அன்று ஓர் அறையைத் திறந்துவிட்டனர். உள்ளே சென்ற ஏழைக் குழந்தைகள் உலகத்துக் கல்வி முறையையே மாற்றிவிட்டனர். நம் பிள்ளைகளுக்கும் ஓர் அறையைத் திறந்துவிடுவோம்.